தாமிரம் கலந்த அலசு தண்ணீரைத் தென்னை நார்க்கழிவில் சுத்தம் செய்வது எப்படி?

லிட்டருக்கு 40 மில்லிகிராம் தாமிரம் இருக்கிற தண்ணீர் பார்ப்பதற்குக் குடிதண்ணீர் போலவே இருக்கும். நீலம் தெரியாது. பத்து மில்லி எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றி, நாலைந்து சொட்டு அமோனியா விட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்து மேலிருந்து பார்த்தால்தான் நீலம் எழும். ஆசிட் காப்பர் முலாம் (காப்பர் சல்பேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசலில் தாமிரப் பூச்சு) போடும் சின்னப் பட்டறைகளில், பூசிய உருப்படிகளைக் கழுவும் அலசு தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இந்த மாதிரித் தண்ணீர்தான். அதைத் தென்னை நார்க்கழிவு வைத்துப் பிடிக்கும் முறை இது. நாளைக்கு 100 லிட்டர் வரை அலசு தண்ணீர் வரும் இடத்துக்கு அளவுகள் கணக்கிடப்பட்டுள்ளன. கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்ப்பவர்களுக்கும் இதே படிகள்தான்.

முதலில் இதில் எது முடியாது என்று சொல்லிவிடலாம். முலாம் தொட்டியின் பழைய கரைசலை இதில் ஊற்றக் கூடாது. அதில் லிட்டருக்கு 50 கிராம் அளவில் தாமிரம் இருக்கும். நார்க்கழிவு ஒரு கிராமுக்குச் சில மில்லிகிராம்தான் பிடிக்கும். குடிதண்ணீருக்கும் இது ஆகாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மி.கி., காட்மியத்துக்கு 0.003 மி.கி. என்று வரம்பு. வீட்டில் செய்த வடிகட்டியால் அந்த அளவைத் தொட்டாலும், தொட்டதைத் தினமும் அளந்து பார்க்க வீட்டில் வழியில்லை. முருங்கை விதையைப் போட்டால் கனஉலோகம் போய்விடும் என்று சுற்றுகிற செய்திகளையும் நம்ப வேண்டாம். முருங்கை விதைப் புரதம் கலங்கலைத் திரட்டிப் படிய வைக்கும். கரைந்திருக்கும் உலோகத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. இரும்பு, துத்தநாக வார்ப்பு உருப்படிகளுக்கு முதல் பூச்சாக சயனைடு காப்பர் போடுகிற பட்டறையானால், அந்தத் தொட்டியின் அலசு தண்ணீர் ஒரு துளியும் இந்தப் பக்கம் வரக் கூடாது. கீழே சொல்லும் பிஎச் அளவில் சயனைடு ஆளைக் கொல்லும் வாயுவாகக் கிளம்பும். அதற்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, தனிச் சுத்திகரிப்பு வேண்டும். இரண்டு தண்ணீரும் எங்கேயாவது கலக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் இந்த வேலையையே தொடங்காதீர்கள்.

ஏன் நார்க்கழிவு

நார்க்கழிவில் லிக்னின் அதிகம். அதில் இருக்கும் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் ஹைட்ரஜனையோ கால்சியத்தையோ விட்டுவிட்டுத் தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது மலிவான ஓர் அயனி மாற்றி ரெசின். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் எல்லாக் கோளாறுகளும் புரியும்: அமிலம் கூடினால் ஹைட்ரஜன் இடத்தைப் பிடித்துக்கொண்டு தாமிரத்தை உள்ளே விடாது, உப்புத் தண்ணீரானால் கால்சியமும் மெக்னீசியமும் இடத்துக்குப் போட்டி போடும்.

வாழைப்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலும் பெக்டின் நிறைந்தவை. குடுவையில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் குழாயில் அடைத்தால் இரண்டே நாளில் கூழாகி அடைத்துக்கொள்ளும். நெல் உமி குழாயில் நன்றாக நிற்கும். பச்சையாகப் போட்டால் பிடிப்பது குறைவு, ஏனென்றால் அதில் கணிசமான பங்கு சிலிக்கா. நிலக்கடலைத் தோல் நடுவில் நிற்கும். நார்க்கழிவு கிடைக்காத ஊரில் அதை எடுக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் 5 கிலோ கட்டிகளாகவே நார்க்கழிவு கிடைப்பதால் இங்கே அதுதான் கைக்கு எளிது.

வாங்கும்போது 'லோ ஈசி' கட்டியாகக் கேளுங்கள். ஈசி என்பது மின்கடத்துதிறன், உப்பு எவ்வளவு என்று காட்டும் எண். ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவில் பொட்டாசியம், சோடியம் உப்புகள் நிறைய இருக்கும். கழுவி ஈசி 0.5 மில்லிசீமென்ஸ்/செ.மீ.-க்குக் கீழே கொண்டுவந்ததைத்தான் லோ ஈசி என்று விற்கிறார்கள். ஹை ஈசி கட்டி விலை குறைவு, ஆனால் அந்தக் கழுவல் வேலை நம் தலையில் விழும்.

பதப்படுத்துவது

ஒரு கிலோ உலர்ந்த நார்க்கழிவுக்கு இந்த அளவுகள்.

கட்டியை உடைத்துத் தண்ணீரில் ஊறவிட்டு, காய வைத்து, சலிக்க வேண்டும். கொசுவலையைக் கடந்து மாவுச் சல்லடையில் தங்குவது நமக்கு வேண்டியது. சுமாராக அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரை. சல்லடையில் இறங்கிய தூசியை ஆசைப்பட்டுச் சேர்க்காதீர்கள். பொடியில் பரப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் குழாயை அடைக்கிற முதல் குற்றவாளி அதுவே.

அடுத்தது காரம். 20 லிட்டர் தண்ணீரில் 80 கிராம் காஸ்டிக் சோடா செதில்களைக் கரைத்து (தண்ணீரில்தான் செதில்களைப் போட வேண்டும், செதில்களின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது), சலித்த நார்க்கழிவைப் போட்டு இரண்டு மணி நேரம் அவ்வப்போது கிளறிவிடுங்கள். தண்ணீர் முதல் டிகாஷன் மாதிரிக் கருப்பாக வரும். கரைவது டானினும் பிற பீனால் பொருள்களும். கூடவே, எஸ்டராகக் கட்டுண்டு கிடந்த கார்பாக்சில் தொகுதிகள் விடுபடும். தாமிரம் உட்கார வேண்டிய இடங்கள் அவைதான். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பிறகு நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். கழுவல் தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு வந்து, பிஎச் 8-க்குக் கீழே இறங்க வேண்டும். ஆறு ஏழு முறை ஆகும். இந்தக் கருப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். உலோகம் இல்லாவிட்டாலும் அது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அமிலக் கழிவோடு சேர்த்து நடுநிலையாக்கிச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்புங்கள்.

கடைசிப் படி கால்சியம். 15 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஏற்றுமதிக் கட்டிகளுக்குக் கால்சியம் நைட்ரேட்டில் செய்யும் 'பஃபரிங்' வேலையும் இதுவும் ஒன்றுதான். பலர் தவிர்த்துவிடுகிற படி இது. சோடியம் ஏறிய நார்க்கழிவு தண்ணீரின் பிஎச்சை மேலே தூக்கும். தாமிரம் ஹைட்ராக்சைடாகப் படியும். படிந்ததையும் பிடித்ததாகக் கணக்கெழுதி ஏமாந்துபோவோம். கால்சியம் ஏறியது அப்படிச் செய்யாது.

நிறம் கசிவதை நிறுத்த ஃபார்மால்டிஹைடு சேர்க்கச் சொல்லும் ஆய்வுக் குறிப்புகள் உண்டு. காற்றோட்டப் பெட்டி இல்லாத இடத்தில் அது வேண்டாத வம்பு. காரத்தில் ஊறவைத்து நன்றாக அலசினாலே போதும்.

உலர்ந்ததைச் சாக்கில் கட்டி வையுங்கள். ஈரமாக வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீரைத் தயார் செய்வது

ஆசிட் காப்பர் அலசு தண்ணீரின் பிஎச் 2-க்கும் 3-க்கும் இடையே இருக்கும். அதை 5-க்குக் கொண்டுவர வேண்டும். சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நுரைக்கும், ஆகவே தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சுண்ணாம்பு வேண்டாம்: அது கொண்டுவரும் கால்சியம் தாமிரத்தோடு இடத்துக்கு மல்லுக்கு நிற்கும், ஜிப்சமும் படியும்.

இங்கே இருக்கும் இடைவெளி குறுகலானது. 4-க்குக் கீழே போனால் பிடிப்பு சரிகிறது. 40 மி.கி. செறிவில் 5.5-ஐத் தாண்டினால் தாமிரம் வெளிர் பச்சை நீலமாகத் திரியத் தொடங்குகிறது. 4.5 முதல் 5.2 வரை வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நாலு நிறம் காட்டும் சாதா பட்டை போதாது. பிஎச் மீட்டர் வேண்டும். பிஎச் 4, 7 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் அதைத் தினமும் காலையில் சரிபார்க்க வேண்டும். மொத்த ஏற்பாட்டிலும் காசு போட வேண்டிய இடம் எது என்று கேட்டால், நாங்கள் பிஎச் மீட்டரைத்தான் காட்டுவோம்.

தொட்டியடியில் விழுந்து கிடக்கும் இரும்பு உருப்படிகளிலிருந்து இரும்பு கரைந்து வரும். பிஎச் 5-இல் அது துருநிறச் சேறாகப் படியும். ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மடித்த காடாத் துணியில் வடித்த பின்தான் குழாய்க்கு அனுப்ப வேண்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

குழாய் கட்டுமுன் குடுவைச் சோதனை

உங்கள் தண்ணீருக்கு உங்கள் நார்க்கழிவு எவ்வளவு பிடிக்கும் என்பது உங்கள் குடுவையில்தான் தெரியும். ஆறு பிளாஸ்டிக் பாட்டில்களில் தலா 100 மி.லி. தயார் செய்த தண்ணீர். ஐந்தில் 0.1, 0.2, 0.5, 1, 2 கிராம் நார்க்கழிவு. ஆறாவதில் ஒன்றும் போடக் கூடாது. ஏழாவதாக ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு கிராம் நார்க்கழிவும் மட்டும். இரண்டு மணி நேரம் குலுக்குங்கள். அரை மணிக்கொரு தரம் பிஎச் பார்த்து 5-க்குத் திருத்துங்கள். வடிகட்டும்போது முதலில் வரும் சில மில்லியைக் கொட்டிவிடுங்கள், வடிதாளே கொஞ்சம் தாமிரத்தை இழுக்கும். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் லிட்டருக்கு 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் விட்டு பாலித்தீன் பாட்டிலில் கொடுங்கள், ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலை) கருவியில் அளந்து தருவார்கள்.

ஒன்றும் போடாத பாட்டிலில் தாமிரம் குறைந்திருந்தால் அது படிந்தது, பிடிபட்டது அல்ல. ஏழாவது பாட்டில் எவ்வளவு நிறம் கசிகிறது என்று காட்டும்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக 40 மி.கி./லி. தண்ணீரில் 0.5 கிராம் போட்ட பாட்டிலில் மீதி 3 மி.கி./லி. என்று வைத்துக்கொள்வோம். போனது 37, 100 மி.லி.யில் அது 3.7 மி.கி.; அரை கிராமால் வகுத்தால் கிராமுக்கு 7.4 மி.கி. நாளைக்கு 100 லிட்டர் என்றால் 4,000 மி.கி. தாமிரம், 7.4-ஆல் வகுக்க 540 கிராம் நார்க்கழிவு. நடைமுறையில் அதை ஒன்றரை மடங்காக்கி 800 கிராம் வைத்துக்கொள்ளுங்கள்.

'98 சதவீதம் நீக்கம்' என்று மட்டும் எழுதியிருக்கிற கட்டுரையைக் கண்டால் ஒதுக்கிவிடலாம். எத்தனை கிராம் போட்டு, எந்தச் செறிவில், எந்த பிஎச்சில் என்று சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை. ஒரு குடம் நார்க்கழிவைப் போட்டால் ஒரு தம்ளர் தண்ணீரில் எந்த உலோகமும் மிஞ்சாது.

குழாய்

10 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம். இரண்டு முனையும் திருகு மூடி, அதில் அரை அங்குல இணைப்பு. அடியில் நைலான் வலை, அதன் மேல் 5 செ.மீ. கழுவிய சிறு கூழாங்கல். சிமெண்டுச் சல்லியோ சுண்ணாம்புக் கல்லோ கூடாது, பிஎச் ஏறிவிடும். ஒரு கல்லில் இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் தூக்கி எறியுங்கள்.

நார்க்கழிவைக் காய்ந்தபடி கொட்டக் கூடாது. ஊறியதும் உப்பும், குழாய் இறுகி ஒரு சொட்டும் இறங்காது. வெந்நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி மிதக்காமல் அமிழும். குழாயில் பாதி தண்ணீர் நிரப்பி, ஊறியதை மொண்டு மொண்டு ஊற்றிப் படிய விடுங்கள். குச்சியால் குத்தி அழுத்த வேண்டாம். 80 செ.மீ. உயரம் வந்ததும் மேலே 10 செ.மீ. வெற்றிடம் விட்டு இன்னொரு வலை. படுகையின் கொள்ளளவு 6.3 லிட்டர், அதில் உலர்ந்த கணக்கில் சுமார் 600 கிராம் இருக்கும்.

தண்ணீர் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். மேலிருந்து விட்டால் படுகை அமுங்கும், ஓரமாக ஒரு வழி விழும், அந்த வழியே எல்லாம் ஓடிவிடும். தலைக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் ஒரு டிரம், அதிலிருந்து குழாய், ஒரு சிறு வால்வு, பம்பு வேண்டியதில்லை. வேகம் நிமிடத்துக்கு 300 மி.லி. அளவு ஜாடியும் கைக்கடிகாரமும் வைத்துச் சரி செய்யுங்கள். அப்படிப் போனால் தண்ணீர் படுகைக்குள் ஏறக்குறைய 20 நிமிடம் இருக்கும். 100 லிட்டர் ஓட ஐந்தரை மணி நேரம்.

இரண்டு குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக. முதல் குழாயிலிருந்து வெளிவரும் தண்ணீரை 20 லிட்டருக்கு ஒருமுறை தாமிரம் காட்டும் சோதனைப் பட்டை வைத்துப் பாருங்கள். 3 மி.கி. காட்டியதும் முதல் குழாயைக் கழற்றுங்கள். இரண்டாவது முதலிடத்துக்கு வரும், புதுப்பித்தது இரண்டாவதாகச் சேரும். மேலே போட்ட கணக்குப்படி ஒரு குழாய் 110 லிட்டர் சுமக்கும், ஏறக்குறைய ஒரு நாள் வேலை. இது அதிகமென்று தோன்றினால் தொட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள்: உருப்படியைத் தூக்கியதும் 15 வினாடி தொட்டி மேலேயே சொட்டவிட்டு, பிறகு ஓட்டமில்லாத ஒரு முதல் அலசு தொட்டியில் முக்கி எடுத்தால், இங்கே வரும் தாமிரம் கணிசமாகக் குறையும். அந்த முதல் அலசு தண்ணீரை ஆவியானதற்கு ஈடாக முலாம் தொட்டியிலேயே ஊற்றலாம். வடிகட்டியைப் பெரிதாக்குவதைவிட இது மலிவு.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி ஆறு, குளங்களில் விடும் கழிவுநீரில் தாமிரம் 3 மி.கி./லி.-க்கு மேல் இருக்கக் கூடாது, பிஎச் 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும். குழாயிலிருந்து வருவது 5-ஐ ஒட்டி இருப்பதால் கடைசியில் கொஞ்சம் சோடா ஆஷ் சேர்த்து 7-க்கு ஏற்றுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் பட்டறைக்குக் கொடுத்த இசைவாணையில் வேறு எழுதியிருந்தால், அல்லது வெளியே விடவே கூடாது என்றிருந்தால், அதுதான் கணக்கு. அப்போது இந்தத் தண்ணீரை மறுபடி அலசுவதற்கே பயன்படுத்த வேண்டும்.

புதுப்பிப்பது

கழற்றிய குழாயின் தண்ணீரை வடித்துவிட்டு, பத்து லிட்டர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு ஐந்து லிட்டராக மெதுவாக ஓட்டுங்கள். கடை அமிலம் 30 சதவீதம் என்றால் பத்து லிட்டருக்கு 105 மி.லி.; தண்ணீரில் அமிலம் ஊற்றுங்கள். முதல் ஐந்து லிட்டரில் பெரும்பாலான தாமிரம் இறங்கிவிடும். பின்னர் தண்ணீரில் அலசி, 2 சதவீதக் கால்சியம் குளோரைடு பத்து லிட்டர் ஓட்டினால் குழாய் அடுத்த சுற்றுக்குத் தயார். இந்தக் கடைசிப் படியை விட்டால் முதல் சில லிட்டர் பிஎச் 3-இல் வெளிவரும், பிடிப்பும் இருக்காது.

இறங்கிய அமிலக் கரைசலை ஆசிட் காப்பர் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தொட்டிக்குக் குளோரைடு லிட்டருக்குப் பத்துக் கணக்கான மில்லிகிராம் போதும். இது கிராம் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்துப் பூச்சின் மினுக்கத்தைக் கெடுத்துவிடும். காஸ்டிக் விட்டு பிஎச் 9-க்கு ஏற்றினால் தாமிரம் நீலச் சேறாகப் படியும். தெளிந்த மேல்நீரைத் திரும்பக் குழாய்த் தொட்டிக்கே அனுப்புங்கள்.

இதே ஏற்பாட்டை ஈயத்துக்குப் பயன்படுத்துபவர்கள் புதுப்பிக்க கந்தக அமிலத்தை எடுக்கக் கூடாது: கரையாத ஈய சல்பேட் படுகைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நீர்த்த நைட்ரிக் அமிலம்தான் அதற்கு. நிக்கலுக்கோ பிடிப்பே தாமிரத்தைவிடக் குறைவு. குடுவைச் சோதனை செய்யாமல் இந்த அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு கொஞ்சம் குறையும். ஒரு குழாய் 110 லிட்டருக்குப் பதில் 70 லிட்டரிலேயே 3 மி.கி.யைத் தொட்டால் நார்க்கழிவை மாற்றிவிடுங்கள்.

கெடுகிற இடங்கள்

படுகையின் அடியில் பச்சை நீலச் சேறு தெரிந்தால் பிஎச் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் காரம் சரியாகக் கழுவப்படவில்லை. வெளிவரும் தண்ணீர் பழுப்பாக இருந்தால் டானின் கசிகிறது. அது வெறும் நிறம் என்று விட்டுவிட வேண்டாம்: கரைந்த டானின் தாமிரத்தையும் கட்டிக்கொண்டு வெளியேறும். முதல் 20 லிட்டரைத் திரும்பத் தொட்டிக்கே விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிப்பு திடீரென்று விழுந்தால் இரண்டைச் சந்தேகிக்கலாம். ஒன்று, அலசுவதற்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் வந்திருக்கும். இன்னொன்று, ஈ.டி.டி.ஏ. அல்லது அமோனியா உள்ள கரைசல் எங்கிருந்தோ கலந்திருக்கும். அவை தாமிரத்தைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் நார்க்கழிவுக்குப் பிடி கிடைக்காது. மின்சாரம் இல்லாமல் பூச்சு ஏற்றும் தொட்டிகளின் தண்ணீருக்கு இந்த முறை ஒத்துவராததற்குக் காரணமும் அதுதான்.

குரோமியம் தனிக் கதை. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் எதிர் அயனியாக இருக்கிறது. பிஎச் 5-இல் நார்க்கழிவு அதைத் திரும்பியும் பார்க்காது. பிஎச் 2-இல்தான் வேலை நடக்கும்: அங்கே லிக்னின் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக ஒடுக்குகிறது. அந்த வினை அமிலத்தைத் தின்பதால் பிஎச் தானே ஏறும். அரை மணிக்கொரு தரம் கந்தக அமிலம் விட்டு இறக்க வேண்டும். டைஃபீனைல்கார்பசைடு சோதனையில் ஊதா வரவில்லை என்றால் ஆறு இணைதிறன் போய்விட்டது என்றுதான் அர்த்தம். மூன்று இணைதிறன் குரோமியம் தண்ணீரிலேயே இருக்கும். பிஎச்சை 8.5-க்கு ஏற்றிப் படியவைத்து, மொத்தக் குரோமியத்தை ஏ.ஏ.எஸ்.-இல் பார்த்த பிறகே முடிந்ததாகச் சொல்லலாம். ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு போன்ற மலை அளவுக்கு இது மருந்தில்லை. சின்னப் பட்டறையின் அலசு தண்ணீருக்கு மட்டும்.

தீர்ந்த நார்க்கழிவும் நீலச் சேறும்

தாமிரம் எங்கும் மறையவில்லை. தண்ணீரிலிருந்து நார்க்கழிவுக்கும், அங்கிருந்து சேற்றுக்கும் இடம் மாறியிருக்கிறது. தினம் உள்ளே போன மில்லிகிராமும் சேற்றில் இருப்பதும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று மாதத்துக்கொரு முறை கணக்குப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ சாக்கடைக்குப் போகிறது.

தீர்ந்த நார்க்கழிவை உரக்குழியில் போடக் கூடாது, தோட்டத்து மண்ணில் கலக்கக் கூடாது. காய்ந்துவிட்டால் பார்ப்பதற்குச் செடிக்குப் போடும் நார்க்கழிவு மாதிரியே இருக்கும், தெரியாதவர் அள்ளிப்போய்விடுவார். அதனால் கடைசியாக ஒரு முறை அமிலத்தில் கழுவி, உலர்த்தி, தடித்த பையில் கட்டி, உலோகத்தின் பெயரும் தேதியும் எழுதிப் பூட்டி வையுங்கள். எரிக்கவும் கூடாது, குரோமியம் ஏறியதை எந்தக் காரணம் கொண்டும் கூடாது: சாம்பலில் அது மறுபடியும் ஆறு இணைதிறனாக மாறிவிடலாம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் இதற்கும் முலாம் சேற்றுக்கும் பொருந்தும். வாரியத்தின் அனுமதி பெற்ற, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பொது அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பி, அனுப்பிய எடைச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். சேற்றில் தாமிரம் அடர்த்தியாக இருந்தால் உரிமம் உள்ள மறுசுழற்சியாளர் காசு கொடுத்தே எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்குச் சேற்றை இரும்பு, குரோமியச் சேறுகளோடு கலக்காமல் முதல் நாளிலிருந்தே தனி டிரம்மில் சேர்க்க வேண்டும்.